யார் வாய்க்குப் பூட்டு? 2003-இல் ஒரு நாற்பது நாள்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். நம்ம நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து கேட்கும் ஒரு தோழி அனுப்பியது. "அமெரிக்காவுல ட்ரம்ப்புக்கே கோர்ட் 'வாயை மூடு'ன்னு ஆர்டர் போட்டுச்சே, நம்ம ஊர்ல எந்த அரசியல்வாதிக்காவது ஒரு ஜட்ஜ் அப்படிப் போட்டதுண்டா?" என்று கேட்டிருந்தார்.

ஆங்கிலத்தில் அதற்கு 'கேக் ஆர்டர்' என்று பெயர். தமிழில் எழுதினால் பேக்கரிக்கு போன் பண்ணுகிற மாதிரி இருக்கு. அதனால வாய்ப்பூட்டு என்றே சொல்வோம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிற சொல்தான்.

முதலில் அந்த ட்ரம்ப் விஷயத்தைச் சுருக்கமா பார்த்துடலாம். 2024 மார்ச் 26 அன்று நியூயார்க் நீதிபதி ஹுவான் மெர்சான், சாட்சிகளைப் பற்றியும் ஜூரிகளைப் பற்றியும் பேசக்கூடாது என்று ட்ரம்ப்புக்குத் தடை போட்டார். ட்ரம்ப் மீறினார். பத்துத் தடவை மீறியதற்கு, தடவைக்கு 1,000 டாலர் வீதம் மொத்தம் 10,000 டாலர் அபராதம். அவருக்கு அது டீ செலவு. இன்னொரு தடவை மீறினால் ஜெயில் என்று நீதிபதி எச்சரித்தார், ஆனா அனுப்பவில்லை. மே 30-இல் 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 2025 ஜனவரி 10-இல் தண்டனை அறிவிப்பு: சிறை இல்லை, அபராதம் இல்லை, நிபந்தனையில்லாத விடுவிப்பு. பத்து நாள் கழித்து அவர் அதிபராகப் பதவியேற்றார்.

கடைசியில் சலுகை கிடைத்தது உண்மைதான். ஆனா ஒண்ணு கவனிங்க. அங்கே பூட்டு போடப்பட்டது குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்கு. சாட்சிகளைக் காப்பாற்றத்தான் அந்தப் பூட்டு.

நம்ம ஊரில் அது எப்படி இருந்தது? இதைத் தேடிக்கொண்டு போனபோது 2003 நவம்பர் 7-க்கும் டிசம்பர் 16-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். சரியாக நாற்பது நாள். அதில் ஐந்து தேதி. அதில் ஒன்று என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்த கதை.

நான் அம்பத்தூர்க்காரன். அப்போ ஸ்கூல் பையன். குமணன்சாவடியில் அத்தை வீடு. வானகரம் வழியாக பஸ் பிடித்துப் போவோம். ஒருநாள் பூந்தமல்லி பக்கத்தில் பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் போலீஸ், அதற்குப் பின்னால் போலீஸ், நடுவில் ஒரு வண்டி. "வைகோவைக் கூட்டிட்டு வர்றாங்கப்பா" என்றார் கண்டக்டர். என் அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், எந்தக் கட்சியும் இல்லை. "பேசினதுக்காப்பா இவ்வளவு போலீஸு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு மறக்கவே இல்லை.

பேசினதுக்குத்தான். 2002 ஜூன் 29 அன்று மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் ஒரு கூட்டம். அதில் விடுதலைப் புலிகளை ஆதரித்து வைகோ பேசினார். அவர் அப்போது சிவகாசி எம்.பி. ஜூலை 11-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து திரும்பி சென்னை ஏர்போர்ட்டில் இறங்கியதும் பொடா சட்டத்தில் கைது. ஆட்சியில் இருந்தது ஜெயலலிதா. சிறை வேலூரில், கோர்ட் பூந்தமல்லியில். அதனால்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த ஊர்வலம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வருஷம் மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியபோது வைகோவின் மதிமுக டெல்லியில் ஆளும் கூட்டணியில் இருந்த கட்சி.

பூந்தமல்லி கோர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ராஜீவ் காந்தி கொலை வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்ததும் பூந்தமல்லியில்தான். மூடிய கதவுக்குள் நடந்த விசாரணை. பத்திரிகைக்காரர்கள் உள்ளே போய்க் கேட்டு எழுத முடியாது. 1998 ஜனவரி 28-இல் தீர்ப்பு: 26 பேருக்கும் தூக்கு. அடுத்த வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்தே விடுவித்தது. நாலு பேருக்குத்தான் தூக்கை உறுதி செய்தது. தடா சட்டமே இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. மூடிய கதவுக்குள் என்ன நடந்தது என்று வெளியில் யாருக்கும் தெரியாமலே 26 தூக்குத் தண்டனை வந்தது, அதில் பெரும்பகுதி மேலே போனதும் நிற்கவில்லை. நம்ம ஊர் கோர்ட்டின் பழைய கதை இது.

பொடா வந்ததும் அந்த வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றமும் அங்கேயே அமைந்தது. வைகோ மட்டும் இல்லை. நெடுமாறன், சுப. வீரபாண்டியன் எல்லாம் அதே சட்டத்தில் உள்ளே இருந்தார்கள். 2003 ஏப்ரலில் நக்கீரன் கோபாலையும் பிடித்தார்கள். வீரப்பன் காட்டுக்குள் போய்வந்த பத்திரிகையாளர். நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது தூது போனவரும் அவர்தான். எட்டு மாதத்துக்கு மேல் சிறை. பெயர் வெளியே தெரியாத இன்னும் பல பேர் இருந்தார்கள், ஊத்தங்கரைப் பக்கம் பிடிபட்டவர்களில் பதின்வயதுப் பையன்கூட. பொடாவில் பெயில் வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

சரி, நாற்பது நாளுக்கு வருவோம்.

நவம்பர் 7. சட்டசபை. 'தி இந்து' ஏப்ரலில் எழுதிய செய்திகளுக்கும் ஒரு தலையங்கத்துக்கும் உரிமை மீறல் என்று தீர்மானம் போட்டு, அந்தப் பத்திரிகையைச் சேர்ந்த ஐந்து பேருக்கு 15 நாள் சிறை விதித்தார்கள். அந்தத் தலையங்கத்தைத் தமிழில் போட்டதற்காக 'முரசொலி' ஆசிரியருக்கும் அதே தண்டனை. சபாநாயகர் காளிமுத்து. தீர்மானம் போட்ட அன்றைக்கே மவுண்ட் ரோடு ஆபீஸுக்குப் போலீஸ் போய்விட்டது. இது கோர்ட் போட்ட பூட்டு இல்லை, சபை போட்ட பூட்டு. நவம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு அதை நிறுத்தியது. இடையில் ரெண்டே நாள், அதுவும் சனி ஞாயிறு.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை இங்கே சட்டம் என்ன என்பது ஒன்பது வருஷம் முன்னாலேயே தெளிவாகிவிட்ட விஷயம். ஆட்டோ சங்கர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெப் சீரிஸ் கூட வந்தது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தபோது அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் தொடராகப் போடப்போவதாக அறிவித்தது. பெரிய போலீஸ் அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த உறவு அதில் வரும் என்று பேச்சு. சிறைத்துறைத் தலைவர், 'போடாதே, போட்டால் நடவடிக்கை' என்று கடிதம் அனுப்பினார். கோபால் நேராக டெல்லி போனார். 1994 அக்டோபர் 7-இல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு: அரசாங்கமோ அதிகாரியோ ஒன்றை அச்சுக்கு முன்பே தடுக்க முடியாது. வந்த பிறகு அவதூறு என்று நினைத்தால் வழக்குப் போடட்டும். இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு இது. அதை வாங்கின ஆள் 2003 நவம்பரில் பொடாவில் உள்ளே இருந்தார் என்பதை நினைச்சுப் பாருங்க. எழுத்தைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் சொன்னதும், எழுதுகிறவரைப் பிடித்து வைத்தார்கள்.

நவம்பர் 18. இந்த எபிசோடின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமா போவோம்.

ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கு. 1996-இல் சுப்பிரமணியன் சுவாமியின் புகாரில் ஆரம்பம். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை. சென்னையில் விசாரணை நடந்து 250 சாட்சிகளுக்கு மேல் பேசி முடித்தாகிவிட்டது. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரே முதலமைச்சர். வழக்கு நடத்துகிற லஞ்ச ஒழிப்புத் துறை அவருடைய அரசாங்கத்தின் துறை. அரசு வக்கீலை நியமிப்பதும் அவருடைய அரசாங்கம்.

அப்புறம் நடந்தது என்ன தெரியுமா? ஏற்கனவே சாட்சி சொல்லிவிட்டுப் போனவர்களில் 76 பேரை மறுபடி குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டது. அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை. கோர்ட் அனுமதித்தது. கூப்பிட்ட 76 பேரில் 64 பேர் முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள் என்று அறிவிக்கச் சொல்லி அரசு வக்கீல் கேட்கவும் இல்லை. மேட்ச் நடக்கும்போது கோல் கீப்பரை எதிரணி நியமித்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

இன்னொன்றும் நடந்தது. கிரிமினல் வழக்கில் அப்போது 313 என்று ஒரு கட்டம் வரும். சாட்சிகள் சொன்னதை எல்லாம் எடுத்து வைத்து, "உனக்கு எதிராக இப்படிச் சொல்கிறார்களே, நீ என்ன சொல்கிறாய்?" என்று நீதிபதியே குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேருக்கு நேர் கேட்கிற கட்டம். சைக்கிள் திருடினவனும் கூண்டில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். இங்கே முதலமைச்சருக்கு நேரில் வருவதிலிருந்து விலக்கு. கேள்வித்தாள் அவர் வீட்டுக்குப் போனது!

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனவர் திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன். எதிர்க்கட்சிக்காரர், அவருக்கு இதில் ஆதாயம் உண்டு, மறுக்க முடியாது. ஆனா வேறு யார் போயிருப்பார்கள் என்றும் யோசிக்கணும். நீதிபதிகள் வரியாவா, சேமா அமர்வு சாட்சிகள் மாறியதையும் வீட்டுக்குப் போன கேள்வித்தாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இது நியாயமான விசாரணையாக இருக்க முடியாது என்று வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது.

பெங்களூரில் என்ன ஆச்சு? அங்கேயும் இழுத்தது, பதினோரு வருஷம். ஆனால் 2011 அக்டோபரிலும் நவம்பரிலுமாக நாலு நாள், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நேரில் வந்து உட்கார்ந்து 1,339 கேள்விக்குப் பதில் சொன்னார். அதே சட்டம், அதே 313. ஊர் மாறியதும் கேள்வித்தாள் வீடு தேடிப் போவது நின்றுவிட்டது.

நவம்பர் 24. ஆறே நாள் இடைவெளி. டான்சி வழக்கு. கிண்டியில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை, முதல்வராக இருந்தபோது ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள் வாங்கிய விவகாரம். 2000 அக்டோபரில் கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இப்போது உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கக்கூடாது என்ற நடத்தை விதி இருக்கிறது, ஆனால் அதை மீறினால் குற்றம் என்று சொல்லச் சட்டம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். கூடவே நீதிபதி ராஜேந்திர பாபு, அவர் தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும், நிலத்தைத் திருப்பிக் கொடுத்து விட வேண்டும் என்ற அர்த்தத்தில் எழுதினார்.

இந்தத் தீர்ப்பை நான் மூணு தடவை படிச்சேன். சட்டத்தில் ஓட்டை இருந்தால் நீதிபதி என்ன செய்வார் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிட்கோ ஷெட்டுக்கு ஒரு பேப்பர் தப்பாகக் கொடுத்த சின்ன முதலாளியை எந்தக் கோர்ட்டும் மனசாட்சியிடம் அனுப்பி வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

டிசம்பர் 16. அதே நீதிபதி ராஜேந்திர பாபு, மூணு வாரம் கழித்து. பொடா சட்டத்தை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கு. வைகோ தரப்பும் அதில் சேர்ந்திருந்தது. சட்டம் செல்லும் என்று சொன்னார்கள், அதில் பலருக்கு ஏமாற்றம். ஆனால் தடை செய்யப்பட்ட அமைப்புக்கு வெறும் வாய்வார்த்தையாக ஆதரவு தெரிவிப்பது பொடா குற்றம் ஆகாது, பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்றார்கள். என் அப்பா பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. அதற்குள் வைகோ 17 மாதம் சிறையில் இருந்தாயிற்று. நீண்ட நாள் பெயில் கேட்க மாட்டேன் என்று அவரே பிடிவாதமாக இருந்தார், கருணாநிதி வேலூர் சிறைக்கே போய் மனுப் போடச் சொன்னார். கடைசியில் பூந்தமல்லி கோர்ட் பெயில் கொடுத்து 2004 பிப்ரவரியில் வெளியே வந்தார். ரெண்டு வருஷம் கழித்து, 2006 தேர்தலில் யாரோடு கூட்டணி தெரியுமா? தன்னைப் பிடித்து உள்ளே போட்ட ஜெயலலிதாவோடு. நம்ம அரசியல் இப்படி.

ஆக தோழியின் கேள்விக்கு வருகிறேன். இந்த நாற்பது நாளில் வாய்க்குப் பூட்டு வாங்கியவர்கள் மேடையில் பேசினவர், பத்திரிகை நடத்தினவர், தலையங்கம் எழுதினவர். கோடிக்கணக்கில் சொத்துக் குவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. அவருடைய வழக்கில் வாய் மாறியது சாட்சிகளுக்குத்தான்.

ஒரே ஒரு விதத்தில் கோர்ட்டே நேராகப் போடும் பூட்டு இங்கே உண்டு: சிவில் வழக்கில் வரும் இடைக்காலத் தடை. எழுத்தாளர் வாஸந்தி ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி பென்குயின் வெளியிட இருந்தபோது, ஜெயலலிதா சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். புத்தகம் வரவில்லை. ஆட்டோ சங்கர் தீர்ப்பு அரசாங்கத்தைத்தான் தடுக்கிறது, அந்தரங்கம் என்று தனிநபராக வருகிறவருக்கு வழி இருக்கிறது. முதலமைச்சர் எப்போது தனிநபர், எப்போது அரசாங்கம்? வாஸந்தி வேறு ஒரு புத்தகம் எழுதி, வேறு பதிப்பகம் மூலமாக 2016-இல்தான் கொண்டுவர முடிந்தது. அதே 2016-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கணக்கின்படி, ஐந்து வருஷத்தில் தமிழக அரசு போட்டிருந்த அவதூறு வழக்குகள் 213. ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பூட்டு.

சலுகையைப் பற்றி இன்னும் கொஞ்சம். சலுகை என்றால் ஜட்ஜ் சிரித்துக்கொண்டே விடுதலை செய்வது என்று நினைக்கிறோம். நம்ம ஊரில் அது காலமாக வரும். பெங்களூர் சிறப்பு நீதிபதி குன்ஹா 2014 செப்டம்பர் 27-இல் நாலு வருஷம் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தபோது வழக்குக்கு வயசு 18. அதற்கப்புறம் எல்லாமே வேகம். அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றத்தில் பெயில். மேல்முறையீட்டை மூணு மாதத்தில் முடிக்கச் சொல்லிக் காலக்கெடு. 2015 மே 11-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை. அந்தத் தீர்ப்பில்தான் கடன் தொகைகளின் கூட்டல் தப்பு: 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி. வருமானம் ஏறினதும் அதிகப்படியான சொத்து 8.12 சதவீதம்தான் என்று ஆனது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விடலாம் என்பது பழைய நடைமுறை. என் எட்டாங்கிளாஸ் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்திருப்பார். உள்ளே இருப்பவரின் அப்பீலை வேகமாகக் கேட்பது நல்லதுதான். புழலில் அப்பீல் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவருக்கும் அந்த வேகம் கிடைத்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

இது ஒரு கட்சியின் கதை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானாகவே முன்வந்து பழைய ஃபைல்களைத் தூசி தட்டினார். பொன்முடி, தங்கம் தென்னரசு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், ஐ. பெரியசாமி என்று திமுக பக்கம். ஓ. பன்னீர்செல்வம், பா. வளர்மதி என்று அந்தப் பக்கம். கட்சி எதுவானாலும் பாதை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதிர்க்கட்சி ஆட்சியில் வழக்கு. சொந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே லஞ்ச ஒழிப்புத் துறை மறுபடி விசாரித்து 'ஒன்றும் இல்லை' என்ற பக்கம் சாயும். கோர்ட் ஏற்றுக்கொண்டு விடுவிக்கும். தென்னரசு, ராமச்சந்திரன் விடுவிப்பை அவர் 2024 ஆகஸ்டில் ரத்து செய்தார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. மறுபடி காலம்.

சொத்து வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளி வைத்தது. டிசம்பர் 5-இல் ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரி 14-இல் தீர்ப்பு: குன்ஹா சொன்னதுதான் சரி. ஆனால் முதல் குற்றவாளி உயிரோடு இல்லாததால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. சசிகலா நாலு வருஷம் உள்ளே இருந்து 2021 ஜனவரியில் வந்தார். 2025 பிப்ரவரியில், பெங்களூர் கோர்ட் வைத்திருந்த 27 கிலோ தங்க நகைகளும் 1,526 ஏக்கர் நிலப் பத்திரங்களும் போலீஸ் காவலோடு வண்டியில் ஏறித் தமிழக அரசிடம் வந்து சேர்ந்தன. பெங்களூரிலிருந்து சென்னை வருகிற ரோடு பூந்தமல்லி வழியாகத்தான் வரும்.